சின்னவாலு செத்த நாள்

அந்தத் தொடரில் டிராகன் இருந்தது, பறக்கும் கோட்டை இருந்தது, மூன்று தலைமுறையாகத் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு ராணியும் இருந்தாள். இவை எதற்காகவும் ஜனங்கள் மாலை ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்காரவில்லை. அரண்மனைச் சமையலறையில் வளர்ந்த இரட்டையர்கள் பெரியவாலும் சின்னவாலும் இன்றைக்கு என்ன சேட்டை செய்யப்போகிறார்கள் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள். மந்திரியின் தலைப்பாகைக்குள் தவளையை விடுவார்கள். டிராகனின் வாலில் அரிப்புப் பொடி தூவுவார்கள். பாடம் படிக்கக் கூப்பிட்டால், தங்களைப் போலவே களிமண் பொம்மை செய்து, மந்திரம் போட்டு, பலகையில் உட்காரவைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். கதாநாயகன் என்னவோ வேறொருவன்தான்; கத்தி வைத்திருக்கிற, சிரிக்கவே தெரியாத இளவரசன். அவன் பாட்டுக்கு டிராகனைக் கொன்றுகொண்டிருப்பான். யாரும் அவனைப் பற்றிப் பேசுவதில்லை.

இரட்டையராக நடித்தது ஒரே ஆள். படப்பிடிப்புத் தளத்தில் அவனுக்கு ‘முகம்’ என்று பெயர். முகம் இருந்தால் முதுகும் வேண்டும் அல்லவா? அந்த முதுகுதான் இந்தக் கதையின் ஆள்.

ஒரே ஆளை இரண்டு பேராகக் காட்ட இரண்டு வழி உண்டு. முதல் வழி, படத்தைப் பாதியாகப் பிரிப்பது. கேமராவைக் கனமான முக்காலியில் பூட்டி, முக்காலியின் கால்களில் மணல் மூட்டை போட்டு, பக்கத்தில் யாரையும் தும்மக்கூட விடாமல் நிறுத்திவிடுவார்கள். முகம் இடப்பக்கம் நின்று பெரியவாலுவாகப் பேசுவான். பிறகு போய் விக்கை மாற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் நின்று சின்னவாலுவாகப் பேசுவான். இரண்டு பாதியையும் எடிட்டிங்கில் நடுவில் ஒட்டினால் இரண்டு பேர் ஆகிவிடும். நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால் மட்டும் விரல் அந்தரத்தில் காணாமல் போய்விடும். இப்படி ஒரு காட்சி எடுக்க அரை நாள் பிடிக்கும் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.

இரண்டாவது வழி சுலபமானது. பெரியவாலு பேசும்போது அவனுடைய முகம் தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும் சின்னவாலுவின் பின்தலையும் தோளும் கொஞ்சம் முதுகும் ஓரத்தில் தெரியும். அடுத்த ஷாட்டில் இது அப்படியே மாறும். பார்க்கிறவர்கள் பேசுகிற முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஓரத்தில் நிற்பது யாருடைய முதுகு என்று யாருக்கு அக்கறை? ஆறு வருஷமாக, நானூற்றுச் சொச்சம் எபிசோடாக, அந்த ஓரம் இவனுடையது. முகத்தைவிட இவனுக்குப் பன்னிரண்டு வயது கூட. ஆனால் முதுகில் வயது தெரியாது.

சும்மா நிற்பது மட்டும் வேலை இல்லை. எதிரில் இருக்கும் வாலுவின் வசனத்தை யாராவது சொன்னால்தானே முகத்துக்குப் பதில் வரும்? அதை முதுகு சொன்னான். முகத்துக்குத் தன் சொந்த வசனமே மூன்று வரிக்கு மேல் நிற்காது என்பதால் அதையும் முதுகே சொன்னான். குரலைப் பிறகு ஸ்டுடியோவில் பதிவு செய்துகொள்வார்கள், கேமராவுக்கு இவனுடைய வாயும் தெரியாது. ஆகவே இவன் எடுத்துக் கொடுக்க, முகம் ஒரு கணம் கேட்டுவிட்டு, அப்போதுதான் தோன்றியதுபோலச் சொல்லுவான். கேட்பதற்காக அவன் நிறுத்தும் அந்த ஒரு கணத்தைத்தான் பத்திரிகைக்காரர்கள் ‘அவருக்கே உரிய குறும்பான தயக்கம்’ என்று எழுதினார்கள். முதுகு அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் யாரையும் மதித்ததில்லை. முகத்தை ஊறுகாய்ப் பாட்டிலின் லேபிள் என்று நினைத்தான்; உள்ளே இருப்பது வேறு யாரோ போட்டது. கேமராவுக்குப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்து அதற்கு யோசனை என்று பெயர் வைத்திருந்த இயக்குநரை, நாற்காலிக்கு வாங்கிய உறை என்று நினைத்தான். கதை எழுதுகிறவரைப் பற்றி நினைக்கவே மாட்டான்; அது நேர விரயம். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், கார் சீட்டுக்கு உறை தைக்கிற மனைவியின் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் யார் என்னென்ன முட்டாள்தனம் செய்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவான். அவள் மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொள்வாள்.

“இவ்வளவு தெரிஞ்ச ஆளு, ஏங்க இன்னும் திரும்பி நின்னுக்கிட்டிருக்கீங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“திரும்பி நின்னாத்தான்டி எல்லாம் தெரியும்” என்றான்.

அவளுடைய அண்ணன் பார்சல் கிடங்கில் மேற்பார்வையாளர். ஆள் எடுக்கும்போதெல்லாம் சொல்லி அனுப்புவார். “அங்கயும் முதுகுக்குத்தான் மாப்ளே வேலை, மூட்டை தூக்கறது” என்று போனில் அவரே சொல்லி அவரே சிரிப்பார். முதுகு பல்லைக் கடித்துக்கொண்டு, “யோசிக்கிறேன் மச்சான்” என்பான்.

அவனிடம் யாருக்கும் தெரியாத ஒரு வேலை இருந்தது. அதைப் புரிந்துகொள்ளச் சடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இரட்டையர்களை எப்படி அடையாளம் காண்பது? கதைப்படி, பிறந்த அன்றே பெற்றவள் சிவப்புக் கயிறு பின்னிய ஒரு சின்னச் சடையைப் பெரியவாலுவுக்கு இடது காதுக்குப் பின்னாலும் சின்னவாலுவுக்கு வலது காதுக்குப் பின்னாலும் போட்டுவிட்டாள். முகத்துக்கு இரண்டு விக் இருந்தன. ஒன்றில் இடது சடை, ஒன்றில் வலது சடை, நிரந்தரமாகத் தைத்தது. முதுகுக்கு ஒரே ஒரு பழைய விக். சடை கிளிப்பில் தனியாக இருக்கும். எந்த வாலுவின் முதுகு வேண்டுமோ அந்தப் பக்கம் மாட்டிவிட வேண்டும். மாட்டுகிறவள் சவுரி அக்கா. விக், தாடி, மீசை, டிராகனின் பிடரி மயிர் எல்லாம் அவள் பொறுப்பு.

இங்கேதான் ஒரு வேடிக்கை. சவுரி அக்கா மேக்கப் அறையில் வேலை செய்யும்போது நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். இரண்டு பேரும் ஒரே திசையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உட்கார்ந்திருப்பவனின் இடது பக்கம்தான் அவளுக்கும் இடது பக்கம். இருபது வருஷம் அவளுடைய கை அப்படிப் பழகியிருந்தது. ஆனால் முதுகுக்கு மேக்கப் அறையில் இடம் கிடையாது. தளத்தின் மூலையில், கோட்டைக்குப் போகிற மரப்படிக்கு அடியில், சுவரை ஒட்டிப் போட்ட பெட்டிதான் அவன் இருக்கை. பின்னால் சுவர் இருப்பதால் அக்கா அவனுக்கு எதிரில் நின்றுதான் மாட்ட முடியும். எதிரில் நின்றால் அவனுடைய இடது, அவளுக்கு வலது. அவசரமில்லாத நாளில் ஒரு நொடி நிதானித்துச் சரியாக மாட்டுவாள். “சீக்கிரம், சீக்கிரம்” என்று இயக்குநர் கத்துகிற நாளில் கை முந்திக்கொள்ளும், சடை மாறிப்போகும்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் முதுகு கையைத் தூக்கிக் கிளிப்பைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்வான். இரண்டு நொடி வேலை. ஆறு வருஷத்தில் எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. ஒருமுறைகூட அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அவள் திருந்திவிடுவாள். திருந்திவிட்டால், ‘இருபது வருஷ அனுபவசாலிக்கு இடது எது வலது எது என்று தெரியவில்லை’ என்று தினமும் நினைத்துக்கொள்ள முடியாது.

அன்று காலை அவன் பெட்டியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் வந்து ஒரு தாளை நீட்டினார்.

“முதுகு, இன்னிக்கு சின்னவாலு காலி.”

“லீவா சார்?”

“செத்துப் போறான்யா. விஷ அம்பு. இளவரசனுக்கு வந்ததை இவன் குறுக்க விழுந்து வாங்கிக்கறான். நம்ம முகம் இருக்கானே, அவன்தான் கேட்டான். ரெண்டு பேரா நடிச்சா ஜனங்களோட பாசம் ரெண்டாப் பிரியுதாம். ஒரே ஆளா நடிச்சா மொத்தமும் அவனுக்கே வருமாம்.”

முதுகு தாளைப் பார்க்கவில்லை. “அப்ப நான் சார்?”

“நீ என்ன?”

“நாளையிலருந்து.”

இயக்குநர் உண்மையாகவே யோசித்தார். “அதான் பெரியவாலு ஒருத்தன்தானே இருப்பான்? அவனுக்கு முதுகு அவன்கிட்டயே இருக்கே” என்றார். பிறகு, ஏதோ ஆறுதல் சொல்ல வேண்டும் என்று பட்டிருக்க வேண்டும், தோளில் தட்டினார். “இன்னிக்கு உனக்குத்தான் பெரிய சீன். கிளிசரின் போட்டா கண்ணு வீங்கும், நாளைக்கு விளம்பரப் படம் இருக்கு, அழ மாட்டேன்னுட்டான். அதனால பெரியவாலு அழறதைப் பின்னாலருந்தே எடுத்துடலாம். அவன் பொணமாப் படுத்துக்குவான். நீ மண்டி போட்டு அழு. ஒரே ஷாட்.”

இயக்குநர் போன பிறகு முதுகு ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இந்தக் குப்பையை ஒரு நாளும் மதிக்கவில்லை என்று அவன் நினைத்திருந்தான். மதிக்காததை விட்டுப் போக ஏன் மனசு வரவில்லை? பார்சல் கிடங்கை நினைத்துப் பார்த்தான். அங்கே மூட்டைகள் இருக்கும். அங்கே இருக்கிற மனிதர்களுக்கு அவரவர் வேலை ஒழுங்காகத் தெரியும் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் அவன் யாரைப் பார்த்துச் சிரிப்பான்?

டீயைக் கீழே கொட்டினான். ‘அழறதா? அழுது காட்டறேன்’ என்று நினைத்துக்கொண்டான். அந்த ஷாட் உருப்படாமல் போனால் சின்னவாலு இன்றைக்குச் சாக முடியாது. நாளை முகம் விளம்பரத்துக்குப் போய்விடுவான். அடுத்த வாரம் கதை எழுதுகிறவருக்கு வேறு ஏதாவது தோன்றும். கதை எழுதுகிறவருக்கு எது வேண்டுமானாலும் தோன்றும். தேவைப்பட்டதெல்லாம் மரக்கட்டை மாதிரி ஒரு முதுகு.

கோட்டை முற்றத்தில் வைக்கோல் பரப்பி முகத்தைப் படுக்கவைத்தார்கள். நெஞ்சில் அம்பு. வலது காதுக்குப் பின்னாலிருந்து சிவப்புச் சடையை எடுத்துத் தோளில் அழகாகக் கிடத்தினாள் சவுரி அக்கா. பிறகு ஓடிவந்து முதுகுக்கு இடப்பக்கம் சடையை மாட்டினாள். இந்தமுறை சரியாகவே மாட்டினாள். முதுகு மண்டியிட்டான். கேமரா அவனுக்குப் பின்னால் வந்தது.

“ஆக்‌ஷன்!”

முதுகு மரக்கட்டையாக நின்றான். முப்பது நொடி. வைக்கோலில் ஒரு எறும்பு போவதை முழுசாகப் பார்த்தான்.

“கட்! என்னய்யா அது? தம்பி செத்துட்டான்யா, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கற?”

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. “சார், நான் சொல்லித் தரேன் சார்” என்று முகம் எழுந்து உட்கார்ந்தான், நெஞ்சில் அம்போடு. “இங்க பாருங்கண்ணே. அழுகைங்கிறது ரொம்ப சிம்பிள். தோளு ரெண்டையும் இப்படிக் குலுக்கணும். ஹு ஹு ஹு. குலுக்கிக்கிட்டே இருங்க, மத்ததை மியூசிக் பாத்துக்கும்.” அவன் குலுக்கிய குலுக்கலில் அம்பு கழன்று மடியில் விழுந்தது. லைட்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது அம்பைப் பார்த்து. முதுகின் காதில் அது தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவே விழுந்தது.

மறுபடி அம்பை ஒட்டினார்கள். அந்தக் கலவரத்தில் முதுகின் சடை கழன்று தொங்குவதை அக்கா பார்த்துவிட்டாள். இயக்குநர், “சீக்கிரம், சீக்கிரம், வெளிச்சம் போகுது!” என்று கத்தினார். அக்கா முதுகுக்கும் பிணத்துக்கும் நடுவில் புகுந்து, அவனுக்கு எதிரே குனிந்து நின்று, கிளிப்பைக் கழற்றி, பழகிய கையால் சடக்கென்று மாட்டிவிட்டு ஓடினாள்.

வலப்பக்கம்.

முதுகுக்குத் தொட்டுப் பார்க்கவே தேவையில்லை; எடை எந்தப் பக்கம் என்று தலை சொன்னது. வழக்கம்போலக் கை தானாக மேலே எழுந்தது.

“அண்ணே, செத்துக் கிடக்கற நானே நடிக்கிறேன். உங்களுக்கு முதுகுகூடவா நடிக்க வராது?” என்றது பிணம், கண்ணை மூடிக்கொண்டே.

தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கித் தொடையில் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை முதுகே திட்டமிட்டான் என்று சொல்ல முடியாது. மரக்கட்டை யோசனை எங்கோ போய்விட்டது. அவனுக்குள் இருந்தது கோபம் மட்டும்தான்: தோளைக் குலுக்குவதுதான் அழுகை என்று நினைக்கிற ஒரு ஜென்மம் ஆறு வருஷமாகத் தன் வாயிலிருந்து வசனத்தைப் பிடுங்கித் தின்றிருக்கிறதே என்கிற கோபம். நிஜமாக அழுகிறவன் தோளைக் குலுக்கமாட்டான் என்பது முதுகுக்குத் தெரியும். நிஜமாக அழுகிறவன் அழுகையை அடக்கத்தான் பார்ப்பான். மூச்சு இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கழுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு தோள், ஒன்றே ஒன்று, ஒரு அங்குலம் இறங்கும், அவன் அதை மறுபடி மேலே தூக்கிவைப்பான், அது நிற்காது.

“ஆக்‌ஷன்!”

முதுகு இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தான். இடது தோள் மூன்றாவது தடவை இறங்கியபோது கையை நீட்டிப் பிணத்தின் சட்டைக் காலரைச் சரிசெய்தான், ஏதோ பாடத்துக்கு நேரமாகிவிட்டதுபோல. அது தாளில் இல்லை.  இயக்குநர் ‘கட்’ சொல்ல மறந்துவிட்டார். சொன்னபோது லைட்காரர்கள் கை தட்டினார்கள். சவுரி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கண்ணால் சடையைப் பார்க்க முடியவில்லை போலும். யாருமே பார்க்கவில்லை. எடிட்டரும் பார்க்கப்போவதில்லை என்பது முதுகுக்கு நிச்சயம். முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தெரியாத கூட்டம் அது.

“எப்படி? நான் சொல்லிக் கொடுத்தது வேலை செஞ்சுதா இல்லையா?” என்று முகம் எழுந்து வைக்கோலைத் தட்டினான்.

மூன்றாம் நாள் மாலை ஏழு மணிக்கு அது ஒளிபரப்பானது. முதுகின் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு ஷாட் முடிகிறவரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

“அது நீங்களாங்க?”

“பின்ன?”

“உங்க மூஞ்சில ஒரு நாளும் இவ்வளவு வந்ததில்லையே” என்றாள்.

மறுநாள் காலை, பாக்கிச் சம்பளத்தை வாங்கிப் போக அவன் தளத்துக்குள் நுழையும்போதே இயக்குநரின் குரல் வாசல்வரை கேட்டது.

“ரெண்டு பேருக்கும் வலது பக்கம் சடை! அழறவனும் சின்னவாலு, செத்தவனும் சின்னவாலு! உலகமே பாத்துருச்சு. இருபது வருஷமா என்னத்தைக் கிழிச்ச நீ? இடது வலது தெரியாதா? கிளம்பு. பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு!”

சவுரி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மேக்கப் அறைக்குப் போய்த் தன் தகரப்பெட்டியில் சீப்புகளை அடுக்கினாள். அடுக்கும்போது ஒரு சீப்பு கீழே விழுந்து முதுகின் காலடிவரை வந்தது. அவன் எடுத்துக் கொடுத்தான். அவள், “தேங்க்ஸ் தம்பி” என்றாள்.

‘அக்கா, அது நான் தெரிஞ்சே விட்டது’ என்று ஒரு வரி போதும். நாக்கு வரை வந்தது. ஆறு வருஷமாக அடுத்தவனுடைய வசனங்களையெல்லாம் ஒரு வார்த்தை பிசகாமல் எடுத்துக் கொடுத்தவன், தன் சொந்த வசனத்தில் நின்றுபோனான். எடுத்துக் கொடுக்க எதிரில் யாரும் இல்லை. சொன்னால் பாக்கிச் சம்பளம் கைக்கு வராது. எப்படியும் வெளியேதானே போகப்போகிறோம் என்றும் தோன்றியது. இருந்தும் வாய் திறக்கவில்லை. அவள் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். அவளுடைய முதுகை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். தோள் குலுங்கவில்லை. கழுத்து மட்டும் உள்ளே இழுத்திருந்தது.

அவள் கேட்டைத் தாண்டுவதற்குள் இயக்குநரின் போன் அடித்தது. சேனலிலிருந்து. முதலில் அவர், “மன்னிச்சிடுங்க சார், அது வந்து” என்றார். பிறகு, “அப்படியா?” என்றார். பிறகு, “ஆமா சார், ஆமாமா” என்றார். கடைசியில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, “என் மனசுல ரொம்ப நாளா இருந்தது சார் அது” என்றார்.

நடந்தது இதுதான். ஜனங்கள் அதைத் தப்பு என்று நினைக்கவே இல்லை. முந்தின ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் அந்தக் காட்சியை நிறுத்தி, பெரிதாக்கி, சடையில் சிவப்பு வட்டம் போட்டு ஒருவருக்கொருவர் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அழுகிறவனுக்கு வலது சடை என்றால் அவன்தான் சின்னவாலு. அப்படியென்றால் செத்தது? களிமண் பொம்மை! பாடத்துக்கு அனுப்பின அதே களிமண் பொம்மை! காலரைச் சரிசெய்தானே, ஏன்? கழுத்தில் களிமண் ஒட்டிய இடம் தெரிந்துவிடக் கூடாது என்றுதான்! ராஜ்யத்தையே ஏமாற்றிவிட்டார்கள் வாலுப் பசங்கள்! தொடரின் வரலாற்றிலேயே இதுதான் பெரிய சேட்டை என்று விடியும்வரை கொண்டாடியிருக்கிறார்கள்.

“பாத்தீங்களா?” என்று இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். “இதுக்குத்தான் நான் ஒண்ணும் சொல்லாம வெச்சிருந்தேன். முதல்லயே சொல்லியிருந்தா உங்க மூஞ்சில தெரிஞ்சிருக்கும்.” கதை எழுதுகிறவர் தலையை ஆட்டி, தானும் அதைத்தான் முதலிலிருந்தே குறிப்பால் உணர்த்திக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மத்தியானத்துக்குள் சின்னவாலு உயிரோடு வருகிற எபிசோடை எழுதியும் கொடுத்துவிட்டார். முகம் மட்டும் விக்கைத் தரையில் வீசினான். “மறுபடியும் ரெண்டா? என் பாசம்?” என்று கேட்டான். 

அதற்குப் பிறகுதான் இயக்குநர் ஒருவனைக் கேட்டுக்கு வெளியே, பஸ் ஸ்டாப்வரை ஓடவிட்டு, “அந்த அம்மாவைக் கூப்பிடு. கோபத்துல ஒரு வார்த்தை சொன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடறதா?” என்றார்.

முதுகு மரப்படிக்கு அடியில் தன் பெட்டியில் போய் உட்கார்ந்தான். அவனுடைய வேலை தப்பிவிட்டது. தன்னைச் சுற்றி இருக்கிற முட்டாள்களைப் பார்த்தான். ஒவ்வொருவனும் தான் செய்யாத ஒன்றுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்கு வீட்டில் தையல் மெஷின் பக்கத்தில் சொல்ல எவ்வளவு இருக்கிறது! சிரிக்கத் தயாரானான். சிரிப்பு அவ்வளவாக வரவில்லை.

சவுரி அக்கா வந்தாள். தகரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, விக்கை எடுத்து அவன் தலையில் பொருத்தினாள்.   எதிரே நின்று சடையைக் கையில் வைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் யாரும் அவனுடைய முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுட்டு, பஸ் ஸ்டாப்புல உக்காந்து பழைய எபிசோடு கொஞ்சம் போன்ல ஓட்டிப் பாத்தேன் தம்பி” என்றாள். “எங்கெல்லாம் தப்பு பண்ணியிருக்கேன்னு பாக்கலாம்னு. ஒண்ணுகூடத் தப்பில்ல.”

முதுகு காலடித் தரையைப் பார்த்தான்.

“அப்புறம்தான் யோசிச்சேன். ரூம்ல நான் பின்னால நிக்கறேன், இங்க முன்னால நிக்கறேன். நான் தப்பாத்தான் மாட்டியிருக்கணும். எத்தனையோ நாள். யாரோ ஒருத்தர் சரி பண்ணியிருக்காங்க.” சடையை விரலில் சுற்றினாள். “இந்த ஒரு நாள் மட்டும் பண்ணல.”

“அக்கா, அன்னிக்குச் சரி பண்ணியிருந்தா எனக்கு வேலை போயிருக்கும்க்கா.”

“அதை நான் கேக்கல. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.” அவள் குரலில் கோபம் இல்லை, அதைவிடக் கீழான ஏதோ ஒன்று, கூந்தலில் ஈரைப் பார்த்தால் வருவதுபோன்ற ஒன்று, இருந்தது. “ஆறு வருஷம் தம்பி. ‘அக்கா, இடது பக்கம்’. ரெண்டு வார்த்தை. ஒரு தடவை சொல்லியிருந்தா நான் கத்துக்கிட்டிருப்பேன். சொல்லாம உக்காந்து என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தியா?”

அவன் வாயைத் திறந்தான். இப்போதும் வசனம் வரவில்லை.

“அந்த முகம் பய ஒரு மண்ணாங்கட்டி. ஆனா தெரியாததைத் தெரியாதுன்னு உன்கிட்டயே வந்து கேட்டு வாங்கிக்கறான்” என்றாள். “நகரு.”

“எங்க?”

“சுவத்தை விட்டுத் தள்ளி உக்காருடா. நான் பின்னால வரணும்.”

அவன் பெட்டியை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அக்கா அவனுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து, பின்னால் நின்று, ஒரே தடவையில் மாட்டினாள். தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு டிராகனின் பிடரியைச் சீவப் போய்விட்டாள்.

“முதுகு, வா! பெரியவாலு முதுகு ஷாட்!” என்று இயக்குநர் கூப்பிட்டார்.

எழுந்து நடந்துகொண்டே, பழக்கத்தில், அவனுடைய கை தலைக்குப் போனது. இடது காதுக்குப் பின்னால் சடை இருந்தது. கிளிப் அழுத்தமாக, நேராக இருந்தது. மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. கை கொஞ்ச நேரம் அங்கேயே தடவிக்கொண்டிருந்தது. பிறகு அவன் வெளிச்சத்துக்குள் போய், கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, சின்னவாலுவாக எதிரே வந்து நின்ற முகத்துக்கு முதல் வரியை எடுத்துக் கொடுத்தான்.